ஜெர்மனியில் வானொலி அலாரக் கடிகாரம்: அமைக்கும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

ஜெர்மனியில் மின்சாதனக் கடைகளிலும் மலிவு விலை அங்காடிகளிலும் ‘ஃபுங்க்வெக்கர்’ என்று அச்சிட்ட சிறு பெட்டிகளைக் காணலாம். ‘ஃபுங்க்’ என்றால் வானொலி அலை; ‘வெக்கர்’ என்றால் எழுப்பும் கடிகாரம். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள், கைப்பேசியைப் படுக்கைக்கு அருகில் வைக்க விரும்பாமலோ காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அஞ்சியோ இதை வாங்குகிறார்கள். பேட்டரியைப் போட்டதும் தானாகவே நேரம் வந்துவிடுவதைப் பார்த்தவர்கள் இனி எல்லாம் கடிகாரத்தின் பொறுப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. வானொலி நேரத்தை மட்டுமே திருத்துகிறது. அலாரத்தை அது தொடுவதே இல்லை. நேரத்தையும் அலைவரிசை கிடைத்த நாளில்தான் திருத்துகிறது, கிடைக்காத நாளில் கடிகாரம் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அமைத்தால் வருடக்கணக்கில் தொல்லை இராது.

நேரம் எங்கிருந்து வருகிறது

பிராங்க்ஃபர்ட் நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் மைன்ஃபிளிங்கன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள நெட்டலை (லாங் வேவ்) ஒலிபரப்பி, 77.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரவு பகலாக ஒரு நேரக்குறிப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் அழைப்புப் பெயர் டிசிஎஃப்77. பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் தன் சீசிய அணுக்கடிகாரங்களைக் கொண்டு பேணும் நேரமே அந்த அலையில் ஏறிவருகிறது. ஒலிபரப்பு 1959இல் தொடங்கியது. தேதியையும் மணியையும் சங்கேதமாக அனுப்பும் முறை 1973இல் சேர்க்கப்பட்டது.

அந்தச் சங்கேதம் மிக எளியது. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை சற்று நேரம் தாழ்கிறது. அந்தத் தாழ்வு பத்தில் ஒரு நொடி நீடித்தால் சுழியம், பத்தில் இரண்டு நொடி நீடித்தால் ஒன்று. இப்படி நொடிக்கு ஒரு எண்ணாக, நிமிடம், மணி, தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசி நொடியில் மட்டும் தாழ்வே இராது. அந்த மௌனத்தை வைத்துத்தான் அடுத்த நிமிடம் பிறக்கப்போவதைக் கடிகாரம் கண்டுகொள்கிறது. ஆக, ஒரு முறை நேரத்தை முழுதாகப் படிக்கவே ஒரு நிமிடம் வேண்டும். படித்தது பிழையில்லை என்று உறுதிசெய்யக் கடிகாரம் அடுத்தடுத்த சில நிமிடங்களின் செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கும். பேட்டரி போட்டவுடனே நேரம் வராமல் மூன்று முதல் பத்து நிமிடம் வரை ஆவதற்கு இதுவே காரணம். கடிகாரம் பழுதென்று நினைத்துக் கடைக்குத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டியதில்லை.

‘வானொலி’ என்ற சொல்லைக் கேட்டதும், தலைமாட்டில் கதிர்வீச்சுக் கருவி ஒன்றை வைக்கிறோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். கடிகாரம் எதையும் அனுப்புவதில்லை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் போல வந்து சேரும் அலையைக் கேட்க மட்டுமே செய்கிறது. வெளி வெப்பநிலையையும் காட்டும் மாதிரிகளில், ஜன்னலுக்கு வெளியே மாட்டும் சிறு உணர்வி மட்டும் மிகக் குறைந்த வலிமையில் தன் அளவை அனுப்பும்.

வாங்கும்போது

பெட்டியில் டிசிஎஃப் (DCF) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொடுத்த கடிகாரமானால் இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் கம்பிரியாவிலுள்ள ஆன்தார்ன் நிலையம் 60 கிலோஹெர்ட்ஸிலும், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நிலையம் அதே 60 கிலோஹெர்ட்ஸிலும், ஜப்பானின் இரண்டு நிலையங்கள் 40, 60 கிலோஹெர்ட்ஸிலும் நேரம் அனுப்புகின்றன. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் சங்கேதம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே லண்டனில் அந்நாட்டு அலைக்கென்று வாங்கிய கடிகாரம் மியூனிக்கில் வெறும் குவார்ட்ஸ் கடிகாரமாகத்தான் ஓடும். பல நிலையங்களைப் பிடிக்கும் மாதிரிகளும் உண்டு, ஆனால் மலிவு மாதிரிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். முள் உள்ள கடிகாரமானால், டிக் டிக் சத்தம் இல்லாத வகைதானா என்று கடையிலேயே காதில் வைத்துப் பாருங்கள்; பகலில் கேட்காத சத்தம் இரவு இரண்டு மணிக்கு நன்றாகவே கேட்கும்.

பேட்டரி போடுவதும் காத்திருப்பதும்

பெட்டியைப் பிரித்ததும் திரையின் மேல் ஒட்டியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையும், பேட்டரி அறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தடுப்புப் பட்டை இருந்தால் அதையும் இழுத்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கடிகாரங்கள் ஏஏ அல்லது ஏஏஏ அளவுள்ள அல்கலைன் பேட்டரிகளைக் கேட்கும். கூட்டல், கழித்தல் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, எல்லாப் பேட்டரிகளையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் பழையது சீக்கிரம் வற்றிப்போய்க் கசியத் தொடங்கும். திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரிகள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தருகின்றன. சில கடிகாரங்களில் அதனால் திரை மங்கலாகும், அலைவரிசை பிடிப்பதும் தடுமாறும். கையேடு அனுமதித்தால் மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். வெளி உணர்வி உள்ள கடிகாரமானால், உணர்விக்கு முதலில் பேட்டரி போடுவதா கடிகாரத்துக்கா என்பதைக் கையேட்டில் பார்த்து அந்த வரிசைப்படியே செய்ய வேண்டும்.

பேட்டரி போடும் இடம் முக்கியம். மேசைக் கணினிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பிறகு படுக்கைக்குக் கொண்டுபோவதைவிட, ஜன்னல் விளிம்புக்குப் போய் அங்கே போடுவது நல்லது. போட்டவுடன் திரையில் ஒரு கோபுரத்தின் படம் சிமிட்டத் தொடங்கும். அது சிமிட்டும்வரை கடிகாரம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பத்து நிமிடமும் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பல மாதிரிகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் தேடல் அப்போதே நின்றுவிடும். கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் தேடலைக் கெடுக்கும். நேரம் சரியாகி, கோபுரம் சிமிட்டாமல் நிலைத்து நின்றால் வேலை முடிந்தது. கோபுரம் மறைந்துபோனாலோ அதன் மேல் குறுக்குக் கோடு விழுந்தாலோ அலை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

முள் கடிகாரங்கள் இதில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பேட்டரி போட்டதும் முட்கள் வேகமாகச் சுழன்று நான்கு, எட்டு, பன்னிரண்டு ஆகிய மணிகளில் ஏதேனும் ஒன்றில் போய் நின்றுவிடும். கடிகாரம் கெட்டுவிட்டதென்று பதறி முள்ளை விரலால் நகர்த்தினால், முள் நிற்கும் இடமும் உள்ளே கணக்கில் உள்ள இடமும் பொருந்தாமல்போய், அதன்பின் அது எப்போதும் தவறான நேரத்தையே ‘துல்லியமாக’க் காட்டும்.

அலை கிடைக்காதபோது

புதியவர்களுக்குத் தொல்லை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மைன்ஃபிளிங்கனின் அலை சுமார் 2000 கிலோமீட்டர் வரை எட்டும் என்பதால், ஜெர்மனிக்குள் எந்த ஊரிலிருந்தாலும் தொலைவு ஒரு குறை அல்ல. குறை பெரும்பாலும் அறைக்குள்ளேதான் இருக்கும். இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர், நிலவறை, உலோக அலமாரி, உலோகக் கட்டில் சட்டம் ஆகியவை அலையை மறைக்கும். தொலைக்காட்சி, கணினித் திரை, எல்இடி விளக்கின் மின்மாற்றி, கைப்பேசிச் சார்ஜர் ஆகியவை அதே அலைவரிசைப் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இவற்றிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தலையணைக்கருகே சார்ஜரும் கடிகாரமும் ஒரே மின்பலகையில் நெருங்கிக் கிடப்பதுதான் வழக்கமான காட்சி. அதுதான் வழக்கமான காரணமும்.

அடுத்து, திசை. கடிகாரத்துக்குள் இருக்கும் ஆன்டெனா செம்புக்கம்பி சுற்றிய சிறு ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள, பீங்கான் போன்ற பொருள்) தண்டு. அந்தத் தண்டின் பக்கவாட்டு ஒலிபரப்பியை நோக்கி இருக்கும்போது அது நன்றாகக் கேட்கும். முனை நோக்கி இருந்தால் ஏறத்தாழச் செவிடாகிவிடும். பெரும்பாலான மேசைக் கடிகாரங்களில் தண்டு இடவலமாகக் கிடப்பதால், கடிகாரத்தின் முகமோ முதுகோ பிராங்க்ஃபர்ட் திசையைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். பெர்லினில் இருப்பவருக்கு அது தென்மேற்கு, ஹாம்பர்க்கில் தெற்கு, கொலோனில் தென்கிழக்கு, மியூனிக்கில் வடமேற்கு, ஸ்டுட்கார்ட்டில் வடக்கு. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பகலில் கிடைக்கவில்லையென்றால், ஜன்னலோரத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். இரவில் வீட்டுச் சாதனங்களின் இரைச்சல் அடங்கும், தொலைவிலிருந்து வரும் நெட்டலையும் வலுப்பெறும். பல கடிகாரங்கள் நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகளில் நாள்தோறும் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். எப்போதாவது மைன்ஃபிளிங்கன் பகுதியில் கடும் இடிமழை பெய்தால் ஒலிபரப்பே சற்று நேரம் நிற்பதுண்டு. அன்று எந்த வீட்டிலும் கிடைக்காது; பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உடனே மறுபடி தேடச் சொல்ல வேண்டுமானால், கோபுரமோ அலையோ வரைந்த பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். எதுவுமே பலிக்காத நிலவறை அறையில் இருப்பவர்கள் நேரத்தைக் கையால் அமைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளைக்கு ஒரு நொடிக்குள்தான் பிசகும்; வாரம் ஒரு முறை பால்கனியில் வைத்துத் திருத்தினாலும் எந்தப் பேருந்தும் தவறாது.

நேர மண்டலம்

திரையில் மணி சரியாக ஒன்றோ இரண்டோ கூடவோ குறைவாகவோ இருந்து, நிமிடம் மட்டும் துல்லியமாக இருந்தால், அலை கிடைத்திருக்கிறது, மண்டல அமைப்புதான் தவறு. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளில் அது சுழியமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் ஜெர்மன் கடிகாரத்தை வைத்திருப்பவர்கள் ஒரு மணியைக் கழித்து வைக்க வேண்டும்.

சென்னை நேரத்தை அறிய இன்னொரு கடிகாரம் வாங்கி மண்டலத்தை மாற்றிவைக்கலாம் என்ற யோசனை நம்மில் பலருக்கு வரும். பெரும்பாலான மாதிரிகளில் மண்டலம் முழு மணியாக மட்டுமே நகரும். இந்திய, இலங்கை நேரமோ ஜெர்மனியைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடைக்காலத்தில் மூன்றரை மணியும் முன்னே ஓடுவது. அந்த அரை மணி இந்தக் கடிகாரங்களுக்குள் அடங்காது. அதற்கு ஒரு சாதாரணக் கடிகாரமே மேல்.

அலாரம்

இனி வருவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. முதலில் திரை 24 மணி முறையில் இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். 12 மணி முறையில் வைத்தால், காலை ஆறுக்கென்று நினைத்து மாலை ஆறுக்கு அலாரம் வைத்துவிடும் தவறு மிக எளிதாக நேரும். திரையின் மூலையிலுள்ள அந்தச் சிறு எழுத்தைத் தூக்கக் கலக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. பிறகு அலாரப் பொத்தானை அழுத்திப் பிடித்து, மணி சிமிட்டும்போது மணியையும், நிமிடம் சிமிட்டும்போது நிமிடத்தையும் அமைத்து, அதே பொத்தானால் உறுதிசெய்யுங்கள். அலார நேரத்தை அமைப்பது ஒன்று, அலாரத்தை இயக்குவது வேறொன்று. அடிக்கும் மணியின் (பெல்) படமோ ஒலிக்குறியோ திரையில் தெரிந்தால்தான் அது இயங்கும் நிலையில் இருக்கிறது. இரண்டு அலாரம் உள்ள மாதிரிகளில் எந்த எண்ணுக்குரிய குறி தெரிகிறது என்றும் பாருங்கள். வார நாள்களில் மட்டும் ஒலிக்கும் வசதி இருந்து, நீங்கள் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவரானால், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மேலே உள்ள பெரிய பொத்தான் பெரும்பாலும் ஸ்னூஸ். சில நிமிடங்களுக்கு மட்டும் ஒலியை அடக்கும். முழுதாக நிறுத்தும் பொத்தான் வேறிடத்தில் இருக்கும். எது எது என்று பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுங்கள். இரண்டு நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, கதவை மூடிக்கொண்டு படுத்து, அந்த ஒலி உங்களை எழுப்பும் அளவுக்கு இருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள். விமானம், தேர்வு, விசா நேர்காணல் என்று தவறவே கூடாத நாள்களில் கைப்பேசியிலும் ஓர் அலாரம் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மார்ச்சும் அக்டோபரும்

நம் ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே உண்டு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி நேரே மூன்றாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை மூன்று மணி மீண்டும் இரண்டாகும். மாற்றம் வரப்போவதையும் மைன்ஃபிளிங்கன் ஒரு மணிநேரம் முன்னதாகவே தன் சங்கேதத்தில் அறிவிக்கத் தொடங்கும். அந்த இரவில் அலை கிடைத்த கடிகாரம் தானே மாறிக்கொள்ளும், கிடைக்காதது மாறாது. நான் வந்த முதல் அக்டோபரில், இரும்பு அலமாரியின் மேல் சார்ஜரோடு வைத்திருந்த என் கடிகாரத்தில் பல நாள்களாகக் கோபுரக் குறி இல்லாததை நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பூட்டிய கதவின் முன் ஒரு மணிநேரம் முன்னதாகப் போய் நின்றேன். மார்ச்சாக இருந்திருந்தால் ஒரு மணிநேரம் பிந்தியிருப்பேன். எனவே அந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் தூங்கப் போகுமுன் கோபுரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். ரொட்டிக்கடையிலோ செய்தித்தாள் விநியோகத்திலோ வேலை செய்து அதிகாலை இரண்டரைக்கு எழுகிறவர்கள், மார்ச்சின் அந்த இரவில் இரண்டரை மணி என்ற நேரமே வராது என்பதையும், அக்டோபரில் அது இரண்டு முறை வரும் என்பதையும் நினைவில் வைத்து, அந்த வேளைக்கு வெளியே அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு

கடிகாரத்தில் உண்மையான ஆபத்து பேட்டரியில்தான் இருக்கிறது, அதிலும் சிறிய மாதிரிகளில் வரும் பொத்தான் வடிவ லித்தியம் பேட்டரியில். சிறு குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே உட்புறத்தில் கடுமையான புண் உண்டாகலாம். பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றுப் பேட்டரிகள் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தியெடுக்க வைக்க முயலாமல், உடனே 112க்கு அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் காரப்பொருள். கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்து, நன்றாக உலரவிட்டபின் புதியது போடுங்கள். சாதாரண அல்கலைன் பேட்டரியைச் சார்ஜரில் போடவே கூடாது. நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பது கசிவைத் தவிர்க்கும்.

கூரையில் நேரத்தை ஒளியாகப் பாய்ச்சும் மாதிரிகளில், ஒளி வரும் துவாரத்தை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள், குழந்தைகளின் முகத்துக்கும் திருப்பாதீர்கள். இவ்வகைக் கடிகாரங்களுக்கு அவற்றோடு வந்த மின்மாற்றியை மட்டுமே செருகுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகினால் வோல்ட்டோ துருவமோ மாறிக் கருவி எரிந்துவிடக்கூடும். மின்சாரம் நின்றால் பேட்டரியில் அலாரம் ஒலிக்குமா, நேரம் மட்டும் காக்கப்படுமா என்பதைச் செருகியைக் கழற்றி ஒருமுறை சோதியுங்கள்.

தீர்ந்த பேட்டரியைக் குப்பைக்கூடையில் போடுவது இங்கே சட்டத்துக்கு விரோதம். பேட்டரி விற்கும் எந்தக் கடையும் பழையதை இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வாசலருகே அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். பழுதான சிறு கடிகாரத்தையும் பெரிய மின்சாதனக் கடைகளில் கொடுத்துவிடலாம். புதுப் பேட்டரி போட்டபின் கடிகாரம் நேரத்தைத் தானே மீட்டுக்கொள்ளும். அலார நேரமோ பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும், அதை மறுபடி அமைத்து, மணிக்குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அன்றிரவு படுக்க வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோவதானால்

அம்மாவுக்கோ மாமாவுக்கோ பரிசாகக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சென்னையும் யாழ்ப்பாணமும் மைன்ஃபிளிங்கனிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. அந்த அலை அங்கே எட்டாது. இந்தியாவிலோ இலங்கையிலோ இதைப் போன்ற நெட்டலை நேர ஒலிபரப்பும் இல்லை. கடிகாரம் ஒவ்வோர் இரவும் கிடைக்காத அலையைத் தேடிப் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். அமைப்பில் வானொலித் தேடலை நிறுத்தும் வசதி இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டு, பிறகு நேரத்தையும் தேதியையும் கையால் அமைத்துக் கொடுங்கள். அந்த வசதி இல்லாத மாதிரியானால், அதை ஜெர்மனியிலேயே வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேறு பரிசு வாங்குங்கள்.